போக்கிமான் கோல்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள்

கேம்பாய் கையடக்கப் பெட்டியில், உயிரினங்களைப் பிடித்துப் பழக்கிச் சண்டைக்கு விடும் ஆட்டமான போக்கிமான் கோல்டை, சின்ன வயதில் பாதியில் நின்றுபோனதை, இப்போதாவது முடித்துவிட வேண்டும் என்ற ஆசை, முப்பது வயதைத் தாண்டிய யாருக்காவது வந்திருந்தால், விற்பவருக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு வந்த அந்த ஆசை 740 ரிங்கிட்டை விழுங்கியது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கிற நாட்டில், செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலை பார்க்கிற எனக்கு அது சின்னத் தொகை இல்லை. பணமாவது போகட்டும், அடுத்த மாதம் சம்பளம் வரும். வேலை முடிந்து, சமைத்து, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, அதற்குப் பிறகு கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்துச் சேர்த்து விளையாடியதெல்லாம் ஒரு காலையில் காணாமல் போனதுதான் வயிற்றெரிச்சல். இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லக்கூடியவர்களும் எங்கள் ஊரில் இல்லை.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட். ஊர்ப் பெயரைச் சொன்னால் பெரியவர்களுக்கு 1948-ஆம் ஆண்டு அவசரகாலமும் அரசியல் தலைவர் துன் சம்பந்தனும் நினைவுக்கு வருவார்கள். எனக்கு நினைவுக்கு வருவது இரவுச் சந்தை. 2001-இல் நான் ஆறாம் ஆண்டு படித்தேன். அண்ணன் அப்போதுதான் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்திருந்தார். முதல் சம்பளங்களில் ஒன்றில் யாரிடமோ பழைய கேம்பாய் கலர் ஒன்றை வாங்கி, இரவுச் சந்தையில் கோல்டு கேசட் ஒன்றையும் வாங்கி வந்தார். அசல் எது, போலி எது என்றெல்லாம் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. பலகைக்கடையில் பரப்பி வைத்திருந்ததில் எது அழகாக இருந்ததோ அதுதான் அசல். அதே கடையில் 'போக்கிமான் டைமண்ட்' என்ற பெயரில்கூட ஒரு கேசட் இருந்தது. உண்மையான டைமண்ட் 2006-இல்தான் வெளிவந்தது. 2001-இல் அந்தப் பெயரில் விற்றது 'டெலிஃபாங்' என்ற வேறொரு ஜப்பானிய ஆட்டத்தைத் திருடி, பெயரை மாற்றி ஒட்டியது என்று இத்தனை ஆண்டு கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் வாங்கி வந்த கேசட்டில் ஆட்டத்தைச் சேமிக்க முடியாது. அணைத்தால் போயிற்று, மறுபடியும் முதலிலிருந்து. அதனால் நாங்கள் அணைப்பதே இல்லை. சத்தத்தைக் குறைத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குவோம். கேம்பாய் கலரின் இடது ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். பேட்டரி இறங்க இறங்க அது மங்கிக்கொண்டே வரும். அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்து நான் பட்ட பயத்தை ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆருக்குக்கூடப் படவில்லை. ஆட்டத்தில் வரும் கோல்டன்ராட் நகரத்தில், வென்றால்தான் மேலே போக முடிகிற விட்னி என்ற எதிராளியைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. லயத்து வீட்டில் பேட்டரிக்குக் கொடுக்கும் காசைப் பற்றி அப்பா பேச ஆரம்பித்ததும் ஆட்டம் நின்றுபோனது. தீப்பெட்டியில் சிலந்தி பிடித்து வைத்துச் சண்டை விடுகிற பிள்ளைகள் நாங்கள். போக்கிமானை உருவாக்கிய சதோஷி தாஜிரியும் சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர், அதிலிருந்து பிறந்த யோசனைதான் இந்த ஆட்டம் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமே ஏற்படவில்லை.

கைத்தொலைபேசியில் விளையாட ஆயிரம் வழி இருக்கும்போது இந்தப் பழைய பெட்டி எதற்கு என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள், அந்தப் பொத்தான்களை அழுத்தத்தான் எனக்கு ஆசை. சட்டப்படி வாங்க இன்னொரு வழியும் ஒரு காலத்தில் இருந்தது. 2017 செப்டம்பரில் கோல்டும் அதன் இணை ஆட்டமான சில்வரும், 2018 ஜனவரியில் அதே வரிசையின் கிறிஸ்டலும் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியின் இணையக் கடையில் விற்பனைக்கு வந்தன. அந்தக் கடையில் வாங்கும் வசதியை 2023 மார்ச் 27-இல் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே வாங்கி வைத்திருப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள். மற்றவர்களுக்கு, அந்தப் பழைய வடிவத்திலேயே விளையாட வேண்டுமென்றால் பழைய கேசட்தான்.

முதலில் பெட்டி. 280 ரிங்கிட்டுக்கு ஊதா நிறத்தில் உள்ளே தெரிகிற கேம்பாய் கலர் ஒன்று கிடைத்தது. இதில் எனக்குக் குறையில்லை. ஆனால் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க மூடியைத் திறந்து ஏஏ பேட்டரி இரண்டும் உட்காரும் இடத்தின் கம்பிச்சுருளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பேட்டரியை உள்ளேயே விட்டு வைத்திருந்தால் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். லேசாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து எடுத்துவிடலாம், உள்பலகை வரை இறங்கியிருந்தால் வேண்டாம். திரையில் நெடுக்குக்கோடு விழுகிறதா, ஒலிபெருக்கி கரகரக்கிறதா என்று ஒரு காணொளியும் கேளுங்கள். இன்னொன்று, இந்தப் பெட்டிக்குள் திரைவிளக்கு கிடையாது. படுக்கையில் படுத்துக்கொண்டு விளையாடலாம் என்று நினைத்தால் ஒன்றும் தெரியாது. நான் வரவேற்பறைக் குழல்விளக்குக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். விளக்குள்ள புதுத் திரையை மாற்றிப் பொருத்தியும் விற்கிறார்கள். விலை கூடும், கண்ணுக்கு நல்லது, எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது கேசட். சிக்கல் தொடங்கியது இங்கேதான். ஓர் இணையச் சந்தையில் 75 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. 'அசல், நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். அசலா என்று எழுதிக் கேட்டேன், அசல் என்று எழுதியே பதில் வந்தது. வந்த பொருளும் பொன்னிறத்தில் பளபளவென்றிருந்தது. பெட்டியில் செருகியதும் பேராசிரியர் ஓக் எழுந்து வந்து மணி என்ன என்று கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முதல் போக்கிமானாகச் சிண்டாகுவிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கோல்டில் ஒரு கடிகாரம் உண்டு. உங்கள் வீட்டில் இரவென்றால் ஆட்டத்திலும் இரவு. ஜப்பானில் 1999 நவம்பரில் இது வந்தபோது கையடக்கப் பெட்டியில் இது பெரிய விஷயம். செவ்வாய், வியாழன், சனியில் மட்டும் பூச்சி பிடிக்கும் போட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் யூனியன் குகையின் அடியில் ஒரு லாப்ரஸ், இருட்டிய பிறகு மட்டும் வெளியே வரும் ஹூட்ஹூட் ஆந்தை. அந்த ஆந்தையைப் பிடிக்கத்தான் ஓர் இரவு 10 மணிக்கு உட்கார்ந்தேன். வெளியே தவளை கத்துகிறது, திரையில் உச்சி வெயில். மறுநாள் விடியற்காலையில் போட்டுப் பார்த்தேன், அதே வெயில். பெட்டியை எத்தனை மணி நேரம் அணைத்து வைத்தாலும் கடிகாரம் அணைத்த இடத்திலேயே நின்றது. சந்தேகம் அப்போதே வந்துவிட்டது. ஆனாலும் சேமிப்பு நிற்கிறதே என்று தொடர்ந்தேன். கோல்டன்ராட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரத்தில் அதுவும் போனது. 'தொடர்க' என்ற வரியே இல்லை, 'புதிய ஆட்டம்' மட்டும் நின்றுகொண்டிருந்தது. இருபத்து நாலு ஆண்டு கழித்தும் அதே விட்னியின் வாசலில்.

விற்றவருக்கு எழுதினேன். "அக்கா, விளையாட முடிகிறதா இல்லையா? முடிகிறது அல்லவா? அப்புறம் என்ன?" என்று பதில் வந்தது. அதற்கு மேல் எழுதியதற்குப் பதிலே இல்லை. அந்த 75 ரிங்கிட் போனது போனதுதான்.

போலியைக் கண்டுபிடிக்க நான் பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அசல் கோல்டு கேசட்டின் மேல் விளிம்பில் 'நிண்டெண்டோ கேம் பாய்' என்ற ஆங்கில எழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே புடைத்திருக்கும், கூர்மையாக இருக்கும். முன்பக்கத் தாளில் இரண்டு இலக்க எண் ஒன்று மையில்லாமல் அழுத்திப் பதித்தது போலத் தெரியும். நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். பின்னால் இருக்கும் திருகாணி சாதாரணக் கூட்டல்குறித் திருகாணியாக இருந்தால் நகருங்கள், அசலில் அதற்கென்றே 3.8 மில்லிமீட்டர் அளவுள்ள தனித் திருப்புளி வேண்டும். இதையெல்லாம் நகல் எடுக்கிறவர்களும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் கடைசி வார்த்தை உள்பலகைதான். திறந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அசலில் கறுப்புச் சதுரச் சில்லுகள், வட்டப் பேட்டரி, கடிகாரத்துக்கான சின்ன உலோகப் படிகம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். போலியில் பெரும்பாலும் தார் சொட்டியது போல ஒரு கறுப்புக் குமிழ்தான் இருக்கும். திறக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அவருக்கு அதற்கான உரிமை உண்டு, உங்களுக்கு வேறு ஆளைத் தேடும் உரிமை உண்டு.

நேரில் வாங்கினால் இன்னும் எளிது. உங்கள் பெட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். ஆட்டத்தைத் திறந்து மணியைப் பாருங்கள், அணையுங்கள், ஒரு தே தாரிக் குடியுங்கள், மறுபடியும் திறங்கள். நீங்கள் குடித்த நேரம் ஆட்டத்திலும் ஓடியிருக்க வேண்டும். ஓடியிருந்தால் கடிகாரமும் உண்மை, பேட்டரிக்கும் உயிர் இருக்கிறது. எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லாது. என் இரண்டாவது கதை அதுதான்.

ஈப்போவில் பழைய ஆட்டங்களைச் சேகரிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தேன். எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம். ஒட்டுக்கடையில் சந்தித்தோம். இந்த முறை கேசட் உண்மையிலேயே அசல். 240 ரிங்கிட். பேட்டரி எப்படி என்றேன். "தங்கச்சி, போன வருடம்தான் புதிதாகப் போட்டேன். பத்து வருடத்துக்குக் கவலையே இல்லை" என்றார். உள்ளே முந்தைய சொந்தக்காரரின் சேமிப்பு இன்னும் இருந்தது. யாரோ ஒரு பிள்ளை வைத்த நாலெழுத்துப் பெயர், அறுபதாம் லெவலைத் தாண்டிய ஒரு டைஃப்லோஷன், ஊருக்கு ஊர் விட்னி போன்றவர்களை வென்று வாங்குகிற பேட்ஜ் பதினாறு. என் ஆட்டத்தைச் சேமித்தால் அது அழிந்துவிடும், ஒரு கேசட்டில் ஒரு சேமிப்புதான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். அந்தப் பிள்ளைக்கும் இப்போது நாற்பது வயதாகப் போகும்.

அடுத்து வந்த வாரங்கள் நன்றாகத்தான் போயின. விட்னியை வென்றேன் (எப்படி என்று பிறகு சொல்கிறேன்). ஆலிவைன் கலங்கரை விளக்கத்தில் நோயில் படுத்திருந்த ஆம்ஃபரோசுக்குக் கடல் தாண்டிப் போய் மருந்து வாங்கி வந்தேன். ஆத்திர ஏரியில் கியாராடோஸ் என்ற சிவப்பு மீனைப் பிடித்தேன். எட்டு பேட்ஜும் கைக்கு வந்து, வெற்றிப் பாதைக் குகைக்குள் நுழைந்து சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். மறுநாள் சனிக்கிழமை, காலையிலேயே எடுத்தேன். 'புதிய ஆட்டம்.' அவ்வளவுதான். அணைத்துப் போட்டேன், கேசட்டைக் கழற்றிச் செருகினேன், கும்பிட்டுக்கொண்டுகூடப் போட்டுப் பார்த்தேன். முப்பது மணி நேரத்துக்கும் மேலான ஆட்டம். நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? கணக்குப் புத்தகம் பார்க்கிற வயதில் ஒரு சிவப்பு மீனுக்காகத் தொண்டை அடைத்துக்கொண்டு நிற்கிறேன் என்றா?

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும். அந்தக் காலத்துக் கேசட்டில் ஆட்டம் ஒரு சில்லில் நிரந்தரமாக இருக்கும், அது அழியாது. நீங்கள் சேமிப்பதெல்லாம் வேறொரு சில்லில், வெறும் 32 கிலோபைட் இடத்தில் இருக்கும். மின்சாரம் இருக்கும்வரைதான் அதற்கு ஞாபகம். பெட்டியை அணைத்த பிறகும் அதற்கு மின்சாரம் கொடுப்பது கேசட்டுக்குள் இருக்கும் சிஆர்2025 என்ற 3 வோல்ட் வட்டப் பேட்டரி. இதற்கு முந்தைய ரெட், புளூ ஆட்டங்களில் கேசட்டின் பேட்டரி சேமிப்பை மட்டும் காத்தது. கோல்டு, சில்வர், கிறிஸ்டலில் அந்த ஒரே பேட்டரிதான் கடிகாரத்தையும் இரவும் பகலும் ஓட்டுகிறது, அதனால் சீக்கிரம் தீர்ந்துபோகிறது. ஆங்கிலக் கோல்டு 2000-இல் வந்தது. அன்று போட்ட பேட்டரி இன்றைக்குச் செத்திருந்தால் அது நியாயம், உயிரோடிருந்தால்தான் அதிசயம். இதற்கு அடுத்து வந்த ரூபி, சஃபையரில் பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டுமே நிற்கும், சேமிப்பு போகாது. ஃபயர்ரெட், லீஃப்கிரீனில் பேட்டரியே கிடையாது. ஆகவே உங்களுக்கு எந்த ஆட்டம் என்றாலும் சரி என்றால் அந்தப் பக்கம் போங்கள், தலைவலி மிச்சம்.

பிறகு கேசட்டைத் திறந்தபோது உள்ளே இருந்தது தொழிற்சாலையில் பற்றவைத்த அதே பழைய பேட்டரி. 'போன வருடம் போட்டது' என்று சொன்னவருக்குப் படத்தை அனுப்பினேன். தனக்கு விற்றவர் அப்படித்தான் சொன்னார் என்றார். இருக்கலாம். ஆகவே 'புதுப் பேட்டரி' என்று யார் சொன்னாலும், எப்போது போட்டது, யார் போட்டது, போட்ட பிறகு எடுத்த படம் எங்கே என்று கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

திறந்தது நானில்லை. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தேன். கடைத் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "மகனுக்கா, அக்கா?" என்றான். எனக்கு என்றேன். அவன் சிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்ல பிள்ளை. ஒரு பேனாவின் பின்பக்கத்தைத் தீக்குச்சியில் சூடாக்கித் திருகாணி மேல் அழுத்தி, அது ஆறியதும் திருகித் திறந்துவிட்டான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்ததும் மற்றதையும் நம்பிவிடத் தோன்றுகிறது அல்லவா? பழைய பேட்டரியைச் சின்ன இடுக்கியால் நெம்பி எடுத்தான். 'டக்' என்றொரு சத்தம் கேட்டது. புதிய பேட்டரியை இரண்டு தகடுகளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒட்டுத்தாளைச் சுற்றி மூடிக் கொடுத்தான். 35 ரிங்கிட். வீட்டில் வேலை செய்தது. வயலட் நகரம் தாண்டும்வரை சேமிப்பும் நின்றது. ஒரு நாள் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன். குலுங்கியதில் பேட்டரி நகர்ந்தது. மறுபடியும் அதே வரி. ஒட்டுத்தாள் போட்டு வைத்த பேட்டரி, அதுவும் நம் ஊர் வெயிலில், நிற்கவே நிற்காது. கடையில் கொடுப்பதென்றால், பற்றவைப்பீர்களா ஒட்டுவீர்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகுதான் நானே செய்வதென்று இறங்கினேன். பற்றாசுக்கோல், ஈயக்கம்பி, அந்த 3.8 மில்லிமீட்டர் திருப்புளி, வோல்ட் பார்க்கும் மீட்டர், பேட்டரி எல்லாமாக 110 ரிங்கிட். பேட்டரி வாங்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சாதாரணக் கடையில் கிடைக்கும் சிஆர்2025 ஆகாது, இரண்டு பக்கமும் உலோகக் கால் பற்றவைத்து வருகிற வகைதான் வேண்டும். வெறும் பேட்டரியின் மேலேயே பற்றாசுக்கோலை வைத்தால் உள்ளே இருக்கும் லித்தியம் சூடேறி வெடிக்கக்கூடும். சூடு காலில்தான் பட வேண்டும், பேட்டரியில் படக்கூடாது. பலகையில் கூட்டல், கழித்தல் குறிகள் அச்சிட்டிருக்கும், பழையதைக் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கால்களின் ஈயம் உருகும்வரை காத்திருந்து மெதுவாகத் தூக்குங்கள், நெம்பாதீர்கள். கடையில் கேட்ட அந்த 'டக்' எதுவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கழித்தல் பக்கத்தில் கால் உட்காரும் செப்புத் திட்டில் பாதி பிய்ந்து வந்திருந்தது. நல்ல வேளை, அதிலிருந்து கிளம்பும் செப்புக்கோடு முழுதாக இருந்தது. அதன் மேலிருந்த பச்சைப் பூச்சை ஊசி முனையால் சுரண்டினேன். ஒரு அரிசி நீளத்துக்குச் செம்பு மினுங்கியது. அதில் ஈயத்தைப் பிடிக்க வைத்துக் காலை உட்கார வைத்தேன். மீட்டரில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டியது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. மூடும் முன் கேசட்டின் தொடுமுனைகளை மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். சின்ன வயதில் செய்தது போல வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் பட்டு முனை கறுத்துப்போகும்.

உள்ளே காப்பாற்ற வேண்டிய பழைய சேமிப்பு இருந்தால் வேறு கதை. பேட்டரியைக் கழற்றிய நொடியில் அது போய்விடும். கேசட்டைக் கணினியில் செருகிப் படிக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றால் சேமிப்பை நகலெடுத்து வைத்துக்கொண்டு, பேட்டரி மாற்றிய பிறகு திரும்ப எழுதிவிடலாம். உங்கள் அண்ணனோ அக்காவோ விளையாடிய கேசட் அலமாரியில் கிடந்து, அதில் இன்னும் 'தொடர்க' வந்தால், எனக்குத் தெரிந்தவரை அதுதான் முதல் வேலை. எனக்கு அந்தக் கருவி தீபாவளி போனசுக்குக் காத்திருக்கிறது.

இனி ஆட்டம். இதிலும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம். விட்னியின் மில்டாங்க் பசுவிடம் தோற்காதவர்கள் இல்லை. அதன் உருளும் அடி ஒவ்வொரு முறை படும்போதும் இருமடங்காகும். மயக்கும் வித்தையும் அதற்கு உண்டு. அது ஆண் போக்கிமானிடம் மட்டும் பலிக்கும், நாம் தொடங்கும் சிண்டாகுவிலோ எட்டில் ஏழு முறை ஆண். வழி என்னவென்றால், வயலட் நகரத்தில் ஒரு வீட்டில் பெல்ஸ்ப்ரவுட்டைக் கொடுத்தால் ஓனிக்ஸ் தருவார்கள். அந்த உருளும் அடி பாறைவகை, ஓனிக்ஸ் போன்ற நிலவகைக்கு அது பாதிதான் படும். கோல்டன்ராட் பல்பொருள் அங்காடியின் ஐந்தாம் மாடியில் டிரவுஸியைக் கொடுத்து மச்சோப்பும் வாங்கலாம், பசுவுக்கு அதன் குத்து தாங்காது. தோற்றதும் விட்னி குழந்தை போல அழுவாள், பேட்ஜ் தர மாட்டாள். வெளியே நடக்கப் போய்த் திரும்பி வந்து பேசுங்கள், தருவாள். முதன்முதலில் இதைப் பார்த்தபோது கேசட் இதிலும் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

ஆட்டத்து அம்மா உங்கள் பணத்தில் ஒரு பங்கைச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்பார். சரி என்றால், அந்தப் பணத்திலிருந்து உங்களைக் கேட்காமலே சாமான் வாங்கிவிட்டுத் தொலைபேசியில் சொல்வார். எழுதியவர்கள் நம் வீடுகளுக்கு வந்து பார்த்திருக்கிறார்கள் போலும். நான் சரி என்றே சொன்னேன். மறைவித்தைகள் எனப்படும் எச்எம் அடிகளை ஒரு போக்கிமானுக்குக் கற்றுக்கொடுத்தால், பிளாக்தார்ன் நகரத்தில் இருக்கும் கிழவரிடம் போகும்வரை மறக்க வைக்க முடியாது. நல்ல போக்கிமானில் வீணாக்காதீர்கள், அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த போக்கிமான்களை வைக்க ஆட்டத்துக்குள் இருக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்றில் இருபதுதான் அடங்கும், நிறைந்துவிட்டால் பந்து எறியவே முடியாது. அபூர்வமானது எதிரே வரும் முன் மாற்றிவிடுங்கள்.

எட்டாவது பேட்ஜுக்குப் பிறகு ஒரு பள்ளம் இருக்கிறது. சுற்றுவட்டாரக் காட்டுப் போக்கிமான்களின் லெவல் குறைவு, எதிரே நிற்கும் இறுதிச் சுற்று நால்வரின் போக்கிமான்களும் நாற்பதை எட்டியவை, கடைசியில் நிற்கும் லான்ஸிடம் டிராகனைட் மட்டும் மூன்று, 47, 47, 50. இங்கேதான் பலர் சலித்து விட்டுவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை லாப்ரஸை விடாதீர்கள் என்பது இதற்காகத்தான். 36-ஆம் லெவலில் அது ஐஸ் பீம் கற்கும், டிராகனைட்டுக்குப் பனியடி நான்கு மடங்கு. வெல்வதில் குற்ற உணர்வும் வேண்டாம். நம்மிடம் இருந்தால் 55-ஆம் லெவலில்தான் டிராகனைட் ஆகும், அவன் 47-இலேயே வைத்திருக்கிறான். முதலில் விதியை மீறியது அவன்.

இந்த முறை லான்ஸை வென்றேன். அதோடு முடியவில்லை, படகு ஏறினால் முந்தைய ஆட்டத்தின் காண்டோ நாடு முழுவதும், இன்னும் எட்டு பேட்ஜ். இத்தனையும் 2 மெகாபைட்டுக்குள். இந்த ஆட்டத்தின் படங்களைச் சுருக்கித் தந்த நிரல், பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவரான சதோரு இவாதா எழுதியது. நான் இப்போது காண்டோவில் பாதி வழியில் இருக்கிறேன். கடைசியில் வெள்ளி மலையில் 81-ஆம் லெவல் பிக்காச்சுவோடு ஒருவன் பேசாமல் நிற்பான் என்று தெரியும், அவசரமில்லை.

ஒரே ஒரு தடங்கல். என்னிடம் இருக்கும் ஹான்டர் என்ற போக்கிமானை இன்னொருவரோடு கம்பி வழியாகப் பரிமாறிக்கொண்டால்தான் அது கெங்கார் ஆக வளரும். கம்பி என்னிடம் இருக்கிறது, மறுமுனையில் ஆள் இல்லை. சுங்கை சிப்புட், குவாலா கங்சார், ஈப்போ பக்கம் யாராவது சில்வர் வைத்திருந்து பேட்டரி செத்துக் கிடந்தால், நானே இலவசமாகப் பற்றவைத்துத் தருகிறேன். கூலியாக என் ஹான்டரை வாங்கிக் கெங்காராகத் திருப்பித் தர வேண்டும். பேட்டரியை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள், கால் வைத்ததாக.